வரிசையில் நின்ற மணிநேரங்கள்

பிப்ரவரி 3

இன்ஜின் ஓடியது 9.2 மணி. டீசல் 27 லிட்டர். இது கம்பெனிப் பதிவேட்டுக்கு. அங்கே எழுத இடமில்லாதவை சேர்ந்துகொண்டே போவதால் இன்று கோபி பேருந்து நிலையத்துக்கு எதிர்க்கடையில் இந்த நோட்டை வாங்கினேன்.

ஓசூரிலிருந்து வந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. லாட்ஜ் அறைக்கு ஒரே ஜன்னல். திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவர். ஐந்து மணிக்கே விழித்துவிடுகிறேன். உட்கார முடிவதில்லை. வாய்க்கால் கரையோரம் ஒன்றரை மணி நேரம் நடந்துவிட்டு, அங்கிருந்தே கள்ளிப்பாளையம் பேருந்தைப் பிடிக்கிறேன்.

சோதனை வண்டி அங்கே சென்னியப்பன் அண்ணனிடம் இருக்கிறது. ஐம்பத்தைந்து குதிரைத்திறன். அடுத்த ஜனவரியிலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட டிராக்டர்களெல்லாம் புதிய புகை விதிக்குள் வரவேண்டும். இதுவரை விடலாம் என்றிருந்த கரியில் பதினாறில் ஒரு பங்குதான் இனி வெளியே போகலாம். ஆய்வுக்கூடத்தில் எங்கள் இன்ஜின் அதைத் தாண்டிவிட்டது. வயலில் ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து எண்களைக் கொண்டுபோவது என் வேலை. கரும்புப் பருவம் முழுக்க அவர் வண்டியை வைத்துக்கொள்ளலாம். பதிலுக்கு நான் அவர் பின்னாலேயே அலைவேன்.

"ஏனுங் அம்மிணி, பொகையையே காணமுங்களே?" என்று முதல் நாள் கேட்டார்.

"உள்ளேயே பிடிச்சு வைக்குதுண்ணா. குழாய்ல ஒரு ஃபில்டர் இருக்கு. கரி பூரா அதுல தங்கிரும்."

"தங்குனா நெறைஞ்சு போகுமுங்களே?"

"நிறைஞ்சா எரிச்சு சாம்பலாக்கணும். உழவுல, நல்ல லோடுல ஓடுறப்ப சூடு ஏறி அதுவே எரிச்சுக்கும். இல்லேன்னா இந்த லைட் எரியும். வண்டியை நிறுத்தி இந்தப் பட்டனை அமுக்கணும். இருபத்தஞ்சு நிமிஷம். குழாய் அறுநூறு டிகிரி வரைக்கும் போகும். வெறும் மண்தரையாப் பாத்து நிறுத்தணும், கரும்புச் சோகை, காஞ்ச இலை ஒண்ணும் இருக்கக் கூடாது."

சொன்னேன். சொன்னது நன்றாக நினைவிருக்கிறது.

பிப்ரவரி 6

மறுபடி விளக்கு. மூன்று நாளில் இரண்டாவது தடவை.

பிப்ரவரி 10

இன்று முழுநாளும் சர்க்கரை ஆலை வாசலில். சென்னியப்பன் அண்ணன் ஊராரின் கரும்பை வாடகைக்கு இழுக்கிறார். வயலிலிருந்து ஆலை பதினான்கு கிலோமீட்டர்; முக்கால் மணி நேரம். அதன்பிறகு வரிசை. இன்று ஐந்து மணி நேரம் நின்றோம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வண்டி நீளம் நகரும். யாரும் இன்ஜினை அணைப்பதில்லை.

"அமத்திட்டுப் பத்த வெக்கறதுக்குள்ள பொறத்தாண்டி இருக்கறவன் ஹாரனடிச்சே கொன்னுபோடுவானுங்க" என்றார்.

சும்மா ஓடும் இன்ஜினின் புகை சூடாவதே இல்லை. கணினியை மாட்டிப் பார்த்தேன்: நூற்றுநாற்பது டிகிரி. அந்தச் சூட்டில் கரி சேரும், எரியாது. விளக்கு வந்ததும் அவர் வரிசையிலிருந்து வண்டியை ஒடித்து, வாய்க்கால் மேட்டு வெற்றுத் தரைக்கு ஓட்டிப்போய்ப் பட்டனை அமுக்கினார். திரும்பி வந்தபோது டோக்கன் செல்லாது என்றார்கள். கடைசியில் போய் நின்றோம். அண்ணன் மனைவி பூவாத்தா அக்கா வெட்டு ஆட்களுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு அங்கே வந்திருந்தார். "பொகைய அடக்கற வண்டிக்கு எங்களையும் சேத்து அடக்கோணுமாட்ட இருக்குது" என்றார், என்னைப் பார்க்காமல்.

பிப்ரவரி 14

ஓசூரிலிருந்து திலக் சார் அழைத்தார். சோதனைப் பிரிவுக்குத் தலைவர்.

"பதினொன்றரை மணி நேரத்துக்கு ஒரு எரிப்பா? நாம நாப்பதுன்னு சொல்லியிருக்கோம், ஜெசிந்தா."

"பாதி நேரம் ஆலை வரிசையில நிக்குது சார். சூடே ஏற மாட்டேங்குது."

"வரிசையில நிக்கறது வேலையா? வேலை நேரத்தை மட்டும் எடு."

"அவங்களுக்கு அதுவும்..."

"பத்து மாசத்துல சட்டம் வருது. இப்ப போய் வடிவமைப்பை மாத்த முடியுமா? யோசிச்சு எழுது." தொடர்ந்து, "ஜெர்மனிக்கு அனுப்பறவங்க பட்டியல் ஏப்ரல்ல போடறாங்க. பாஸ்போர்ட் எல்லாம் சரியா இருக்கா?" என்றார். அதை வேறு விஷயமாகத்தான் கேட்டார்.

பாஸ்போர்ட் ஜூனில் காலாவதியாகிறது. புதுப்பிக்க வேண்டும்.

பிப்ரவரி 15

அறிக்கை அனுப்பினேன். மொத்தம் 138 மணி நேரம், பன்னிரண்டு எரிப்பு. அதில் 61 மணி நேரத்தை 'வழக்கத்துக்கு மாறான பயன்பாடு' என்று ஒதுக்கினேன். வரிசையால் வந்த பத்து எரிப்புகளும் அதோடு ஒதுங்கின. மீதி 77 மணி, இரண்டு எரிப்பு. எரிப்புக்கு 38.5 மணி.

எண் எதுவும் பொய்யில்லை. ஒதுக்கியதையும் அடிக்குறிப்பில் சொல்லியிருக்கிறேன்.

துணி துவைத்தேன். காய்ந்திருந்த துணிகளையும் எடுத்துத் துவைத்தேன்.

பிப்ரவரி 18

அம்மா தூத்துக்குடியிலிருந்து பேசினாள். "ஏட்டி, குரலு ஏன் ஒரு மாதிரியா இருக்கு?" ஒன்றுமில்லை என்றேன். ஜெர்மனி பற்றிச் சொன்னேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சந்தோஷப்பட்டாள்.

பிப்ரவரி 21

ஆலை வளாகத்தில் தீ. சோதனை வண்டி நின்ற இடத்தில் கிடந்த சோகை பற்றிக்கொண்டது. எரிப்பு ஓடிக்கொண்டிருந்தபோது. இரண்டு டிரெய்லர் கரும்பு போய்விட்டது. சென்னியப்பன் அண்ணனுக்கு இரண்டு உள்ளங்கையும் வலது முன்கையும் வெந்துவிட்டன. உயிருக்கு ஆபத்தில்லை.

நான் அங்கே இல்லை. அவர் போனில் கூப்பிட்டபோது பேருந்தில் இருந்தேன். இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை.

பிப்ரவரி 22

மருத்துவமனை. இரண்டு கைகளிலும் கட்டு. பூவாத்தா அக்கா கரண்டியால் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஊட்டுவதை நிறுத்தவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை.

நடந்ததைப் பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்திருந்த இன்னொரு டிரைவர் சொன்னார். மரக்கிளையில் இடிக்கக் கூடாது என்று எங்கள் வண்டியில் புகைக்குழாயைப் பக்கவாட்டில் தாழ்வாக இறக்கியிருக்கிறோம். அதன் நேர் கீழே சோகைக் குவியல். தீ டிரெய்லருக்குத் தாவியதும் எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். சென்னியப்பன் அண்ணன் ஓடவில்லை. முன்னும் பின்னும் வண்டிகள். விட்டால் வரிசையே எரிந்திருக்கும். பின்னால் இருந்தவர்களைக் கத்திப் பின்வாங்க வைத்து, எரிகிற இரண்டு டிரெய்லரோடும் காலி மைதானத்துக்கு ஓட்டிப்போய், இணைப்புப் பின்னை வெறுங்கையால் உருவியிருக்கிறார். அது பழுக்கக் காய்ந்திருந்ததாம்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆகலீங்க அம்மிணி" என்றார் அண்ணன் என்னிடம். "பெயிண்ட்டுதான் கொஞ்சம் போயிருச்சு."

வராந்தாவில் எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியவில்லை. காவலாளி வந்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

பிப்ரவரி 23

தலைமை அலுவலகத்திலிருந்து பாதுகாப்பு அதிகாரி வந்திருந்தார். தமிழ் தெரியாது. நான்தான் மொழிபெயர்த்தேன்.

பட்டனை அமுக்கும்படி யாராவது சொன்னார்களா என்று கேட்டார். கேள்வியைத் தமிழில் சொன்னேன்.

சென்னியப்பன் அண்ணன் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்துச் சொன்னார்: "யாரும் சொல்லலீங்க. லைட்டு எரிஞ்சுது. நானாத்தான் அமுக்குனேன்."

மொழிபெயர்த்தேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். பூவாத்தா அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

பிப்ரவரி 25

ஆலையிலிருந்து கடிதம். விசாரணை முடியும் வரை சென்னியப்பன் பெயரில் எந்த வண்டியும் கரும்பும் உள்ளே வரக்கூடாது. அவருடைய சொந்தக் கரும்பு மூன்று ஏக்கர். வெட்டு உத்தரவு வந்திருந்தது இந்த வாரத்துக்கு. முற்றிய கரும்பு, இனி நின்றால் பூவெடுத்துச் சாறு வற்றும்.

மதியம் கள்ளிப்பாளையம் வரை போனேன். அந்த வயலைச் சாலையிலிருந்து பார்த்துவிட்டு அடுத்த பேருந்தில் திரும்பினேன்.

பிப்ரவரி 26

விபத்து அறிக்கை வந்துவிட்டது. காரணம்: 'இயக்குபவரின் தவறு. அறிவுறுத்தலை மீறி, எரியக்கூடிய பொருள் உள்ள இடத்தில் எரிப்பைத் தொடங்கினார்.' கீழே களப் பொறியாளர் கையெழுத்து என்று ஒரு கோடு. திலக் சார், "திங்கட்கிழமைக்குள்ள அனுப்பிரு. அவருக்கு இன்சூரன்ஸ்ல ஏதாவது பாக்கலாம்" என்றார்.

கைபேசியில் அழைப்புப் பட்டியலைத் திறந்தேன். 21ஆம் தேதி, 11.42. ஒரு நிமிடம் எட்டு விநாடி. இரைச்சலில் கேட்காத பேச்சு ஒரு நிமிடத்துக்கு மேல் நீளாது.

பிப்ரவரி 28

21ஆம் தேதி நான் இருந்தது பேருந்தில் இல்லை. கோயம்புத்தூர் பாஸ்போர்ட் அலுவலகத்தில். வேலை நாளில் யாரிடமும் சொல்லாமல் போயிருந்தேன். குளிரூட்டிய கூடம், ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. திரையில் என் எண்ணுக்கு முன் ஒரே ஓர் ஆள். அப்போதுதான் அழைப்பு.

"அம்மிணி, செவப்பு லைட்டு மின்னுதுங்க. வண்டி இழுவையே இல்ல. எனக்கு முன்னால இன்னும் ஆறே வண்டிதான். வெளிய ஓட்டீட்டுப் போனா டோக்கன் போயிருமுங்க. ஓட்டீட்டுப் போகட்டுமுங்களா?"

"வேண்டாம்ணா. அங்கேயே அமுக்குங்க. இருபத்தஞ்சு நிமிஷம்தானே."

என் எண் திரையில் வந்தது. வைத்துவிட்டேன்.

இதை எழுதிவிட்டால் இருப்புக்கொள்ளும் என்று நினைத்தேன். இல்லை.

மார்ச் 2

காலை ஆறரைக்கே போய்விட்டேன். சென்னியப்பன் அண்ணனை நேற்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் நாற்காலி போட்டு, கைகளை ஒரு தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

நின்றபடியே சொன்னேன். "அண்ணா, நான்தான் அமுக்கச் சொன்னேன். இதை அன்னைக்கே அந்த ஆபீசர்ட்ட நான் சொல்லியிருக்கணும்."

"அதெதுக்குங் அம்மிணி இப்ப?" என்றார். "நீங்க வேலைக்குப் போற புள்ள. வெளிநாடு போகோணும்னீங்க. எனக்குன்னா காடு இருக்குது, எப்படியோ பொழைச்சுக்குவேன். அதான் அப்படிச் சொல்லிப்போட்டேன்."

"காடு இருக்குதா?" உள்ளேயிருந்து பூவாத்தா அக்கா வந்தார். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே அவரிடம் கத்தினார். "எந்தக் காடு? கரும்பு காஞ்சு நிக்குதே, அதா? நீங்க பெரிய மனுசனாட்டப் பேசீட்டு உக்காந்துக்குவீங்க. மூஞ்சி கழுவறதுலருந்து ஒவ்வொண்ணுக்கும் நாந்தானே கை?" பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு இவரு போன் பேசறப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. அத்தனையும் கேட்டனுங்க. எப்ப வந்து சொல்லுவீங்கன்னு ஒம்போது நாளாப் பாத்துட்டிருக்கறேன்."

"எழுதிக் கொடுக்கிறேன் அக்கா. அதுக்குத்தான் வந்தேன்."

"எழுதுங்க. இங்கயே எழுதுங்க. தமிழ்ல எழுதுங்க, நான் படிக்கோணும்."

தரையில் உட்கார்ந்து எழுதினேன். ஒரு பக்கம். அவர் வாங்கி வாய்விட்டுப் படித்தார். பத்தாவது வரை படித்தவர். பாதியில் நிறுத்தினார்.

"'அவசர வேலையில் இருந்ததால்'னு எழுதியிருக்கறீங்களே, என்ன வேலை?"

"பாஸ்போர்ட் அலுவலகத்துல இருந்தேன்."

"அப்ப அத எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். அவர் கடைசி வரை படித்தார். தாளை மடக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொண்ணு உட்டுப்போச்சு."

எனக்குத் தெரியும். நேற்று முன்தினம் இந்த நோட்டிலேயே அதை எழுதாமல் விட்டேன்.

"'கீழ பூராச் சோகை கெடக்குதுங்க அம்மிணி'ன்னு சொன்னாரே. நீங்க என்ன சொன்னீங்க?"

சென்னியப்பன் அண்ணன் "உடு பூவு" என்றார்.

"அவிய சொல்லட்டும்."

"'பரவால்லண்ணா, ஒண்ணும் ஆகாது'ன்னு சொன்னேன்" என்றேன். வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதையும் எழுதினேன். அப்புறம் யாரும் கேட்காமலேயே அடுத்த பக்கத்தில் அந்த 61 மணி நேரத்தையும் எழுதினேன். ஆலை வரிசை இந்த ஊரில் வழக்கத்துக்கு மாறான பயன்பாடு அல்ல, அதுதான் பாதி வேலை என்றும், ஒதுக்காமல் விட்டிருந்தால் இந்த வண்டி இந்த நிலையில் வயலுக்குத் தகுதியில்லை என்பது தீக்கு ஆறு நாள் முன்பே தெரிந்திருக்கும் என்றும். கையெழுத்துப் போட்டு, படம் பிடித்து, திலக் சாருக்கும் பாதுகாப்புப் பிரிவுக்கும் ஆலைக்கும் அங்கிருந்தே அனுப்பினேன். பூவாத்தா அக்கா அசல் தாள்களை வாங்கி உள்ளே கொண்டுபோய்விட்டார்.

மார்ச் 3

திலக் சார் பதினொரு தடவை அழைத்திருக்கிறார். பன்னிரண்டாவதை எடுத்தேன். "ஆலைக்கு ஏன் அனுப்பின?" என்பது மட்டும்தான் கேள்வி.

மார்ச் 8

ஓசூர். நீள மேசை, ஒன்பது பேர். இன்ஜின் பிரிவின் தலைவர் ஒரு வயதான அம்மையார். இதுவரை அவரை மேடையில்தான் பார்த்திருக்கிறேன். என் தாள்களின் மொழிபெயர்ப்பு அவர் முன்னால் இருந்தது. என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"திலக், ஏழு ஊர்ல வண்டி ஓடுது. மத்த ஆறுலயும் சும்மா நின்ன மணி நேரத்தைக் கழிச்சிருக்கீங்களா?"

திலக் சார் தண்ணீர் குடித்தார். "எல்லாத்துக்கும் ஒரே முறையைத்தான் வெச்சோம் மேடம்."

"அப்ப நம்மகிட்ட இருக்கறது எந்த வண்டியோட கணக்கு?"

ஏழு வண்டிகளையும் இன்று மாலையே நிறுத்தச் சொன்னார். குழாயை மேலே திருப்ப வேண்டும். சும்மா ஓடும்போதும் சூடு ஏற வழி பார்க்க வேண்டும். பட்டனை அமுக்கினாலும், இடம் வெறும் தரைதானா என்று கேட்டு உறுதியாக்காமல் எரிப்பு தொடங்கக் கூடாது. சட்டத் தேதி தள்ளிப்போகாது, நாம்தான் ஓட வேண்டும் என்றார். எல்லாரும் எழுந்தபோது, "உங்க மேல விசாரணை உண்டு" என்றார் என்னிடம். "அது முடியற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம். ஜெர்மனிப் பட்டியல்ல உங்க பேரை எடுத்தாச்சு."

சரி என்றேன். கீழே வாகன நிறுத்தத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மார்ச் 10

அம்மாவிடம் சொன்னேன். "அந்த ஆளு கை சரியாயிருமா?" என்று கேட்டாள். இடது கை சரியாகிவிடும், வலது கையில் இரண்டு விரல் முழுதாக மடங்காது என்று டாக்டர் சொல்லியிருப்பதைச் சொன்னேன். அழுதுகொண்டே வைத்துவிட்டாள்.

மார்ச் 12

ஆலை தடையை நீக்கிவிட்டது. தவறு ஓட்டியவருடையது அல்ல என்று கம்பெனியே எழுதிக் கொடுத்திருக்கிறது. சிகிச்சையையும் பொறுப்பேற்றிருக்கிறது. வெட்டு உத்தரவு 14ஆம் தேதிக்கு.

மாலை பூவாத்தா அக்காவிடமிருந்து அழைப்பு. இதுவரை அவர் என்னை அழைத்ததில்லை.

"டிராக்டர் ஓட்டத் தெரியுமுல்ல உங்களுக்கு?"

"தெரியும்க்கா."

"லைசென்சு?"

"இருக்கு."

"டிரைவரு ஒருத்தரும் சிக்கலீங்க, எல்லாரும் சீசன்ல இருக்கறாங்க. எங்க பழைய வண்டியத்தான் எடுக்கோணும். வர முடிஞ்சா வாங்க. மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காதீங்க. கரும்பு காயுது, அதனால கூப்படறேன்."

இரவுப் பேருந்துக்குக் காத்திருக்காமல் கிடைத்த வண்டியில் ஏறிவிட்டேன்.

மார்ச் 14

பழைய டிராக்டருக்கு இருபத்துமூன்று வயது. ஃபில்டரும் இல்லை, சென்சாரும் இல்லை. ஏற்றத்தில் கியர் மாற்றினால் கரும்புகை குபுகுபுவென்று எழும்பிக் காற்றடித்து எங்கள் மேலேயே திரும்புகிறது. சென்னியப்பன் அண்ணன் கட்டுப்போட்ட கைகளோடு வயல் வரப்பில் நின்று, "கிளச்சுல காலை வெச்சே ஓட்டாதீங் அம்மிணி" என்று இரண்டு தடவை கத்தினார்.

ஏழரைக்கு ஆலை வாசல். எங்களுக்கு முன்னால் ஐம்பத்துமூன்று வண்டிகள். பூவாத்தா அக்கா மட்கார்டில் உட்கார்ந்திருந்தார். முன்னால் நின்ற வண்டியின் புகை நேராக முகத்தில். எட்டு மணிக்குக் கண் எரிந்தது. ஒன்பதரைக்குத் தொண்டை. பத்து மணிக்கு இருமல் நிற்கவில்லை. பூவாத்தா அக்கா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இருவத்தியேழு வருசமா இதுலதான் நிக்கறாரு அவரு" என்றார். "உங்க வண்டி வந்த மாசம் மட்டுந்தான் ராவுல இருமாமத் தூங்குனாரு."

ஒரு வண்டி நீளம் நகர்ந்தோம்.

பதினொன்றரைக்குச் சாப்பாட்டுப் பையைப் பிரித்தார். ஒரே தட்டு. பாதிச் சோற்றை மூடியில் தள்ளி என் பக்கம் வைத்தார். ஸ்டியரிங்கை விடாமலே சாப்பிட்டேன்.

இரண்டே காலுக்கு எடைமேடை. மொத்தம் ஆறே முக்கால் மணி நேரம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா என்னைப் பார்த்தார், பூவாத்தா அக்காவைப் பார்த்தார், பேனாவை எடுத்தார்.

"டிரைவர் பேரு?"

நான் வாய் திறப்பதற்குள் பூவாத்தா அக்கா சொன்னார்: "ஜெசிந்தான்னு எழுதுங்க. இன்னும் பத்து நடை இருக்குது, நாளைக்கும் இந்தப் புள்ளதான் வரும்."